‘ங்க’ போடாமல் சண்டை போட ஒரு நாவல்

கல்யாணம் ஆகி முதல் வருடம் முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் ஒரு சண்டைகூடப் போடவில்லை. சொந்தக்காரர்கள் அதை ஒற்றுமை என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மை வேறு. சண்டை போட எங்களுக்குப் பொதுவாக ஒரு பாஷை இல்லை.

நான் மூணாறு பக்கத்துச் சித்திரபுரத்துக்காரி. அப்பாவுக்கு மின்சார போர்டில் வேலை, போர்டு குவார்ட்டர்ஸில்தான் வளர்ந்தேன். எங்கள் மலையில் பேசுவது தெற்குச் சீமைத் தமிழ். அம்மாவுக்குக் கோபம் வந்தால் "என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீக நீங்க?" என்று ஆரம்பிப்பாள். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் தீர்ந்து அப்பா பையை எடுத்துக்கொண்டு மீன் வாங்கக் கிளம்பிவிடுவார். குடும்பச் சண்டை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நம்பித்தான் நானும் கழுத்தை நீட்டினேன்.

வாழ்க்கைப்பட்டது கேரள எல்லையில், வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில், தென்னந்தோப்பும் காய்கறி வெள்ளாமையும் எருமைகளும் உள்ள ஒரு வீட்டில். அங்கே பேசுவது கோயமுத்தூர்த் தமிழ். எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போட வேண்டும். என் மாமனார் வழியில் நிற்கும் எருமையிடம்கூட "கொஞ்சம் அக்கட்டால போங்க சாமி" என்றுதான் சொல்வார். கோபத்துக்கு இந்தப் பாஷையில் இடமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிறந்ததிலிருந்து பேசுகிறவர்கள் அதே ‘ங்க’வில் ஆளைக் குத்திக் கிழித்துவிடுவார்கள். எனக்கு அந்த வித்தை வரவில்லை.

ஒரு தடவை முயன்றேன். எனக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே லீவு நாளில், என்னைக் கேட்காமல், சொந்தக்கார ஒறம்பரை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ரெண்டு பேரும் வருகிறோம் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"ஏனுங்க, என்னய ஒரு வார்த்த கேக்காம எப்படீங்க நீங்க வர்றோம்னு சொல்லலாமுங்க?" என்றேன்.

வாக்கியம் முடிவதற்குள் என் கோபம் முழுக்க ‘ங்க’வில் கரைந்துபோய்விட்டது. கேட்டவர்களுக்கு நான் ஏதோ அனுமதி கேட்பதுபோல இருந்திருக்க வேண்டும். அடுக்களையிலிருந்து அத்தை, "கண்ணு, காப்பி வேணுமா?" என்றார்.

அது இன்னொரு சங்கடம். பழைய ஓட்டு வீடு. அறைச் சுவர்கள் கூரை வரைக்கும் போகாது. ஒரு மூலையில் தும்மினால் மறு மூலையில் கஷாயம் கொதிக்கும். இவரோ எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்ற ஒரே சொல்லில் வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு முயற்சி பண்ணலாமா என்று கேட்டபோதும் "பாக்கலாம்" என்றார். எருமைக்குக் கொம்பு சீவலாமா என்று மாமா கேட்டபோதும் அதே "பாக்கலாம்"தான்.

நான் பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். அங்கே போக நர்ஸ்களுக்கென்று ஒரு இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும். ஊரில் கோச்சிங் சென்டருக்குப் பஞ்சமில்லை. நான் சேர்ந்த இடத்தில் சார் என்னுடைய முதல் மாதிரித் தாளைப் பார்த்துவிட்டு, "இலக்கணம் கொழப்பமில்ல. வார்த்தைதான் கம்மி. எல்லாத்துக்கும் நல்லது, கெட்டது, பெரிசு, சின்னது மட்டும் எழுதீருக்கீங்க. பழைய இங்கிலீஷ் நாவல் ஒண்ணு ரெண்டு படிங்க, தன்னால வரும்" என்றார். அலமாரியைத் திறந்துவிட்டார். சீக்கிரம் வார்த்தை சேர வேண்டும் என்ற ஆசையில் இருப்பதிலேயே தடிமனானதை எடுத்து வந்தேன்.

அட்டை கிழிந்து எழுதியவர் பெயர்கூடப் போயிருந்தது. ஒரு பணக்காரக் கிழவர், அவருடைய பெரிய வீடு, அவர் உயில் எழுதும்வரை விருந்தாளியாகவே தங்கிவிட்ட சொந்தக்காரர்கள். இதுதான் கதை. முதல் நூறு பக்கத்தில் எல்லாரும் எல்லாரைப் பற்றியும் அபிப்பிராயம் சொன்னார்கள். சம்பவம் என்று பார்த்தால் ஒரு குதிரை நொண்டியது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு வரிக்கும் அகராதி பார்க்க வேண்டியிருந்ததால் இவரைத் துணைக்குக் கூப்பிட்டேன். சாயங்காலம் பொழுதோட பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்து, கை கால் கழுவிக்கொண்டு, போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவார். நான் வாசிப்பேன். தெரியாத வார்த்தை வந்தால் அவர் தட்டிப் பார்த்து அர்த்தம் சொல்வார். டிப்ளமோ படித்தவர், இங்கிலீஷ் ஓரளவு வரும். முதல் வாரம் கடமைக்கு உட்கார்ந்தார். குதிரை நொண்டியதும் நிமிர்ந்துவிட்டார்.

"குளம்புலயா, முட்டியிலயா?"

"போடல."

"வைத்தியம் பாத்தாங்களா?"

"அந்தக் குதிரையப் பத்தி அப்புறம் ஒண்ணுமே இல்ல."

அவரால் அதைத் தாங்க முடியவில்லை. குதிரைக்கு என்ன ஆனது என்று தெரிந்துகொள்ளவே நான் டியூட்டிக்குப் போன நேரத்தில் தானாகப் படிக்க ஆரம்பித்தார்.

அந்தச் சமயத்தில்தான் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை லீவும் பறிபோனது. இந்த முறை சீர் வைக்கிற விசேஷம். மறுபடி என்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்திருந்தார். நான் அறைக்குள் போய்ப் புடவை மடித்துக்கொண்டிருந்தேன். கோபத்தைத் தமிழில் எடுத்தால் ‘ங்க’ வரும், சுவருக்கு மேல் சத்தம் போகும், காப்பி வரும். முதல் நாள் படித்த பக்கம் ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்துச் சொன்னேன்.

"யூ ஆர் ப்ரிபாஸ்டரஸ்."

நாவலில் கிழவர் தன் தங்கை மகனைப் பார்த்துச் சொன்னது. அறிவுக்குப் பொருந்தாத, சிரிப்புக்கிடமான ஆள் என்று அகராதி சொல்லியிருந்தது. சொன்னதும் எனக்கு உடம்பு லேசானது. அந்த ‘யூ’வில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. அவர் பக்கத்துக்கும் என் பக்கத்துக்கும் நடுவில் சமமான ஒரு தரை போல இருந்தது.

அவர் வெளியே போய்விட்டார். மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, கதவோரம் நின்று, "ஐ ரிசென்ட் தட்" என்றார். அதை நான் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். பதில் சொல்ல அவருக்கு ஒரு நாள் பிடித்திருக்கிறது. இருந்தாலும் எங்கள் குடும்ப வாழ்க்கையில் என் வீட்டுக்காரர் தன் மனதில் இருப்பதைச் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். சண்டைக்கு நடுவிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அன்றிலிருந்து சண்டை நாவலின் போக்கில் நடந்தது. ஒரு விதி வைத்துக்கொண்டோம். ரெண்டு பேரும் படித்து முடித்த பக்கத்திலுள்ள வார்த்தையை மட்டும்தான் பிரயோகிக்க வேண்டும். இல்லாவிட்டால் திட்டு வாங்கியவர் அகராதியைத் தேடி ஓட வேண்டியிருந்தது, அதற்குள் சண்டை ஆறிப்போனது. அதனால் கைவசம் நல்ல கோபம் இருந்தும் வார்த்தை வராமல் காத்திருந்த நாட்கள் உண்டு. ஒருநாள் அவர் மேல் அடக்க முடியாத ஆத்திரம். அன்றைக்கென்று நாவலில் ஒரு பிக்னிக். பழக்கேக், பச்சைப் புல்வெளி, மேகம். ஒரு வார்த்தை தேறவில்லை. பிக்னிக் முடிந்து அவர்கள் வீடு திரும்பி ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழுவதற்குள் எனக்கு எதற்குக் கோபம் என்பதே மறந்துவிட்டது.

அவர் விதியை மீறினார். முன்னாடியே படித்துவிட்டு, நான் பார்த்திராத பக்கத்திலிருந்து "யூ ஆர் இன்கொரிஜிபிள்" என்றார். திருத்த முடியாத ஜென்மம் என்று அர்த்தமாம். அது கள்ள ஆட்டம் என்று நான் சொன்னேன். அதையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்ததால் அதற்குரிய வார்த்தை வர மூன்று அத்தியாயம் ஆனது.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று நாங்கள் யோசிக்கவில்லை.

அத்தைக்குச் சத்தம் கேட்டது, அர்த்தம் கேட்கவில்லை. குரல் உயராமல், நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாக நாங்கள் பேசுவதைக் கேட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறோம் என்று முடிவு பண்ணிவிட்டார். சண்டை முற்றும் நேரமாகப் பார்த்து வாசலுக்கு வந்து, கதவைத் தட்டாமல், நெல்லிக்காய் ஜூஸை வைத்துவிட்டுப் போவார். பக்கத்துத் தோட்டத்து அம்மாவிடம், "எம் பையனையே ப்ரிபாஸ்டரஸ்னு சொல்லிப்போட்டா மருமக. அவ சும்மா சொல்ல மாட்டா. அத்தன லேசுல வாங்கற பட்டமில்லயாமா" என்று சொன்னது எனக்குக் கிணற்றடியில் கேட்டது. நான் வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

மாமா அப்படியில்லை. அவர் வார்த்தையை வாங்கி வேலைக்கு வைப்பவர். ஒரு எருமை தீவனத்தில் வாய் வைக்காமல் நின்றது. காய்ச்சல் இல்லை, வயிறு உப்பவில்லை. அன்று எங்கள் பக்கத்தில் ‘மெலங்கலி’ என்ற வார்த்தை வந்திருந்தது. இவர் அப்பாவிடம், "நம்ம எருமைக்கு இருக்கறதத்தான் மெலங்கலிங்கறாங்கப்பா. வெசனம்" என்று சொல்லிவிட்டார். மாமா அதைக் குறித்துக்கொண்டார். மிருகாஸ்பத்திரி டாக்டர் மலையாளி. ‘வெசனம்’ என்று எத்தனை தடவை சொல்லியும் அவருக்குப் பிடிபட்டதில்லையாம். இந்த முறை மாமா நேராகப் போய், "டாக்டரே, எருமைக்கு மெலங்கலி" என்றிருக்கிறார். டாக்டர் கொஞ்ச நேரம் எருமையைப் பார்த்திருக்கிறார். பிறகு மாமாவைப் பார்த்திருக்கிறார். ஒரு டானிக் எழுதிக் கொடுத்து, ரெண்டு நாள் மற்ற மாடுகளோடு சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறார். எருமை தின்ன ஆரம்பித்துவிட்டது. இங்கிலீஷ் மேல் மாமாவுக்கு இருந்த மரியாதை கூடிவிட்டது.

ஆனாலும் அந்த எருமையை வைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. வாரச் சந்தைக்குப் பிடித்துப் போனார். அன்று எனக்கு லீவு, எந்த விசேஷமும் இல்லாத அபூர்வமான லீவு. சந்தை வாசலில் காய்கறி வாங்கப் போனவள் கூட்டத்தில் மாமாவின் குரல் கேட்டு நின்றேன். பொள்ளாச்சிப் பக்கத்து வியாபாரி ஒருவர் எருமையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"குத்தம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மாமா பொய் சொல்லாதவர். "குத்தம்னு சொல்ல முடியாதுங்க. கொஞ்சம் மெலங்கலி."

வியாபாரியின் கை நின்றது. "மெலங்கலிங்களா? கேள்விப்பட்டதில்லீங்களே. எந்தப் பக்கத்து வகைங்க?"

அந்த வார்த்தை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று மாமா யோசித்துப் பார்த்து, "மருமக ஊட்டுலருந்து வந்துச்சுங்க. மூணாறு அக்கட்டால" என்றார்.

"ஓ, மாட்டுப்பட்டி" என்றார் வியாபாரி. அங்கே பெரிய மாட்டுப் பண்ணை இருப்பது எல்லாருக்கும் தெரியும். அவர் முகமே மாறிவிட்டது. பக்கத்தில் நின்ற இன்னொருவரைக் கூப்பிட்டு, "பாருங்க, இதுதான் மெலங்கலி. கண்ணப் பாத்தீங்களா, எப்படிச் சாந்தமா இருக்குது" என்று காட்டினார். மாமா என்னைப் பார்த்தார். நான் கத்தரிக்காயைப் பொறுக்கினேன். எருமை விற்றுப்போனது. அதற்கப்புறம் சில வாரம், மெலங்கலிக் கன்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வீட்டுக்கு ஆள் வந்தது.

இதெல்லாம் சிரிப்பாக இருந்த அதே நாட்களில் நான் பரீட்சைக்குப் பதிவு பண்ணினேன். பதிவு பண்ணிய மறுநாள் காலை, வழக்கம்போல இவர் என்னை பைக்கில் பஸ் ஸ்டாப்பில் விடக் கூட்டிப்போனார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். காற்றில் பாதிதான் கேட்டது.

"என்ன?"

"ஐ ஆம் ரிலக்டன்ட்."

எனக்குக் கேட்டது ‘ரிலாக்ஸ்ட்’ என்று. நிம்மதியாக இருக்கிறேன் என்கிறார், வெளிநாட்டு விஷயத்தில் கடைசியாக மனம் லேசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் தோளில் தட்டி "தேங்க் யூ" என்று வேறு சொன்னேன். கொழிஞ்சாம்பாறை வழி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அன்று வார்டில் யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. கூட வேலை பார்க்கும் மலையாளிச் சேச்சி, "எந்தா, விசா வந்நோ?" என்று கேட்டாள்.

சாயங்காலம் திரும்பினால் இவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. புத்தகத்தைத் திறக்கவில்லை.

"காலைல சொன்னதுக்குத் தேங்க் யூன்னு சொல்லீட்டியே. கோவமா?" என்றார்.

"நிம்மதியா இருக்கேன்னீங்க. அதுக்கு எதுக்குக் கோவம்?"

அவர் போனில் அந்த வார்த்தையைத் தட்டி என் கையில் கொடுத்தார். மனமில்லாத, தயங்குகிற, விருப்பமற்ற. மூன்று அர்த்தம் போட்டிருந்தது. மூன்றையும் படித்தேன். நாள் முழுக்க நான் சிரித்துக்கொண்டு திரிந்தது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

"இத ஏன் தமிழ்ல சொல்லல?" என்றேன்.

"தமிழ்ல வரல."

"எத்தன தடவ கேட்டேன். பாக்கலாம் பாக்கலாம்னீங்களே."

"அதத்தான் சொன்னேன்" என்றார். அவர் குரலில் குற்றவுணர்வு இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அவருடைய ‘பாக்கலாம்’ ‘வேண்டாம்’தான் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போனதை அவரால் நம்ப முடியவில்லை.

ஏன் வேண்டாம் என்று கேட்டதற்குப் பதில் சொல்ல அவர் சில நாள் எடுத்துக்கொண்டார். தோப்பு காரணம் இல்லை, அதைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. அம்மா அப்பாவும் காரணம் இல்லை, இவருடைய அக்கா பக்கத்து ஊரில்தான் இருக்கிறாள். குளிரும் இல்லை. கடைசியில் ஒருநாள் தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தபோது, தலையைக் குனிந்துகொண்டு, நாவலிலிருந்து பொறுக்கிய வார்த்தைகளால் நிதானமாகச் சொன்னார். இங்கே யாரும் அவரிடம் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. அந்தக் குடும்பத்தில் ஆண்கள் பேசாமல் இருப்பது யாருக்கும் குறையாகத் தெரியாது. அங்கே போனால் கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டில், எல்லா இடத்திலும் பேச வேண்டும், அதுவும் இங்கிலீஷில். அதுதான் பயம்.

இவ்வளவையும் அவர் இங்கிலீஷில்தான் சொன்னார். ஒரு தடவைகூட அகராதியைத் திறக்கவில்லை.

நான் அதைச் சுட்டிக் காட்டினேன். "இப்ப நீங்க பேசுனது என்ன பாஷ?"

அவர் வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பார்த்தார். "அது உங்கூட" என்றார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. பரீட்சை நெருங்கிவிட்டது. அதை முதலில் எழுதுவோம் என்று விட்டுவிட்டேன்.

பரீட்சையில் கேட்பது, படிப்பது, பேசுவது மூன்றும் நன்றாகப் போயின. எழுதுவதில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்து, அவரை வேறு டாக்டரிடம் அனுப்பி வைக்கும் கடிதம் எழுதச் சொன்னார்கள். வயதானவர், மலச்சிக்கல், சமீபத்தில் மனைவி இறந்துவிட்டார். எனக்குக் கை தானாக ஓடியது. இந்த மதிப்பிற்குரிய முதியவர் தன் குடலின் பரிதாபகரமான பிடிவாதத்தால் நெடுநாளாக அவதியுறுகிறார் என்று ஆரம்பித்தேன். மனைவியை இழந்த துக்கத்துக்கு மட்டும் ஒரு பாரா. தங்கள் கருணையை இறைஞ்சுகிறேன் என்று முடித்தேன். எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது. இதைவிடச் சிறப்பாக யாரும் எழுதியிருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எழுதும் தாளில் மட்டும் தேறவில்லை.

கோச்சிங் சாரிடம் போய் எழுதியதை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சிஸ்டர், இது கேஸ் ஷீட்டா, இரங்கல் கூட்டமா?"

"நீங்கதான சார் பழைய நாவல் படிக்கச் சொன்னீங்க?"

"வார்த்தைக்காகச் சொன்னேன். நீங்க அதுல குடியேறீட்டீங்க."

அதற்கப்புறம் என்னை அந்த நாவலிலிருந்து வெளியே கொண்டுவரும் வேலையை இவர் எடுத்துக்கொண்டார். நான் கேட்கவில்லை. பால் சொசைட்டியிலிருந்து வந்ததும் எதிரில் உட்கார்ந்து, நான் எழுதிய கடிதத்தை வாங்கி, துக்கம் உள்ள இடத்தையெல்லாம் பேனாவால் அடிப்பார். "பரிதாபம் வேண்டா. எத்தன நாளா மலம் போகல, அத மட்டும் போடு" என்பார். மாடு கறப்பவருக்குத் தேவையானது மட்டும் கறக்கத் தெரியும்போல. என் கடிதங்கள் மெலிந்தன. வெளிநாடு போக மனமில்லாத மனிதர் எனக்கு ஏன் இப்படி மெனக்கெடுகிறார் என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் நின்றுவிடுமோ என்று பயந்து கேட்கவில்லை.

இரண்டாவது தடவை தேறிவிட்டேன். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் நேர்காணலுக்கு நேரம் கொடுத்தார்கள்.

வீட்டில் பின்னாடி எதுவும் தெரியாத வெறும் சுவர் தீவன அறையில் மட்டும்தான் இருந்தது. பிண்ணாக்கு மூட்டைகளை ஒதுக்கி, ஒரு மூட்டையின் மேல் லேப்டாப்பை வைத்தோம். அத்தை தன் பட்டுப்புடவை ஒன்றை மற்ற மூட்டைகள் மேல் போர்த்திவிட்டார். கேமராவில் விழாமல் இவர் கதவோரம் நின்றார், நெட் போனால் சரி பண்ண.

எதிரில் ஒரு அம்மா. வெள்ளை முடி, இளகிய முகம். நோயாளி கீழே விழுந்தால் என்ன செய்வாய், மருந்து மாறிப்போனால் யாரிடம் சொல்வாய் என்றெல்லாம் கேட்டார். தேவையானதை மட்டும் சொன்னேன். நடுவில் ஒரு எருமை நீளமாகக் கத்தியது. "அதென்ன?" என்றார். எருமை என்றேன். "ஆரோக்கியமாக இருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்றேன். குறித்துக்கொண்டார்.

முடியும் தறுவாயில், "உங்கள் கணவரும் கூட வருவாரா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ‘பாக்கலாம்’ என்பதற்கு இங்கிலீஷ் தேடினேன். வாய் திறந்தபடியே கதவுப் பக்கம் திரும்பிவிட்டேன் போலிருக்கிறது. இவர் நின்ற இடத்திலிருந்தே, முகம் காட்டாமல், தெளிவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"ஐ ஷல் அகம்பனி ஹெர், மேடம். தோ வித் கன்சிடரபிள் அப்ரிஹென்ஷன்."

கூடத்தான் வருவேன் அம்மணி, ஆனால் கணிசமான கலக்கத்தோடு.

அந்த அம்மா ஒரு கணம் அசையவில்லை. நெட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "யார் அது?" என்றார்.

"என் ஹஸ்பண்ட்."

"இப்படிப் பேசுகிற ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை" என்றார். சிரிக்கவில்லை. கலக்கம் எதைப் பற்றி என்று இவரையே நேராகக் கேட்டார். இவர் கேமராவுக்கு முன்னால் வந்து, என் பக்கத்தில் மூட்டையில் உட்கார்ந்து, பேச்சுதான் பயம் என்றார். அந்த அம்மா, தன் வீட்டுக்காரர் நாள் முழுக்க வாய் திறக்காதவர் என்றும், ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்றும் சொன்னார். ரெண்டு பேரும் பேசாமல் இருப்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். எனக்கு அங்கே வேலை இருந்ததாகத் தெரியவில்லை. வேலை கிடைத்துவிட்டது என்று மறு வாரம் மெயில் வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மாமாவும் அத்தையும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் போய் முன்னால் நின்றார். நான் பின்னால் நின்றேன். அவர் எந்தப் பாஷையில் ஆரம்பிப்பாரோ என்று எனக்குப் பதைப்பாக இருந்தது.

"அப்பா, நாங்க ரெண்டு பேரும் அயர்லாந்து போறமுங்க" என்றார்.

சொல்லிவிட்டு நின்றார். இடையில் எந்த ‘பாக்கலாம்’ இல்லை. மாமா டிவியின் சத்தத்தைக் குறைத்தார். மகனின் முகத்தை அவர் அப்படி உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை.

"அங்கெல்லாம் மாடு இருக்குதா?"

"மனுசர விட மாடுதான் ஜாஸ்தியா இருக்கும்போலங்கப்பா."

மாமா தலையாட்டினார். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தீவன அறையில் போர்த்திய பட்டுப்புடவையில் பிண்ணாக்கு வாசம் போகவே இல்லை என்று என்னிடம் சொன்னார். நாளைக்கு நல்ல சோப்பு போட்டு அலசித் தருகிறேன் அத்தை என்றேன். அவர் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இவர் எருமைக்குத் தண்ணி காட்டப் போனார்.